மஞ்சாடியின் வர்க்கம்

தூத்துக்குடிக் கரையின் முத்து வணிகர்கள் முத்தை வெறும் எடைக்கு விற்கவில்லை. மஞ்சாடி என்ற எடையலகில் நிறுத்த எடையை அதே எடையால் பெருக்கி, முத்துகளின் எண்ணிக்கையால் வகுத்து, ஒரு நிலையான பின்னத்தால் குறைத்து மதிப்புக் கண்டார்கள். எண்ணிக்கை மாறாமல் எடை இரண்டு மடங்கானால் மதிப்பு நான்கு மடங்கு. பெரிய முத்து அரிது என்ற சந்தை அறிவு முழுவதும் ஒரு வாய்பாட்டுக்குள் வந்துவிட்டது. தரவு அறிவியலின் பலமும் இதுதான். ஆனால் வாய்பாட்டை மட்டும் நம்பினால் ஏமாற்றம். 1 மஞ்சாடி முத்தையும் 3 மஞ்சாடி முத்தையும் தனித்தனியே வர்க்கித்தால் 1, 9; கூட்டினால் 10. இரண்டையும் ஒன்றாக நிறுத்தால் எடை 4, வர்க்கம் 16, இரண்டால் வகுத்தால் 8. காணாமல் போன 2, சராசரியிலிருந்து இரு முத்துகளும் விலகிய தூரங்களின் வர்க்கக் கூட்டல். அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை.

இந்த ஓட்டையை அடைத்தது பித்தளைச் சல்லடை. 20 துளையில் தொடங்கி 1000 துளை வரை செல்லும் கிண்ணங்களில் முத்தை வரிசையாகச் சலித்தார்கள். ஒரே கிண்ணத்தில் தங்கியவை ஏறக்குறைய ஒரே அளவானவை என்பதால் விலகல் சுருங்கியது, கணக்கு உண்மையை நெருங்கியது. பெல் ஆய்வகத்தின் ஸ்டூவர்ட் லாயிட் 1957-இல் வகுத்த, தரவைக் குழுக்களாகப் பிரிக்கும், இன்று கே-மீன்ஸ் எனப்படும் வழிமுறை குறைக்கப் பார்ப்பதும் இதே வர்க்கக் கூட்டலைத்தான். பழையவர்களுக்கு எல்லாம் தெரியும் என்ற பெருமையா இது என்று கேட்கலாம். (அந்தப் பெருமைக்கு நம்மிடம் பஞ்சமில்லை.) வணிகர்களிடம் நிரூபணம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. சல்லடை இல்லாமல் வாய்பாடு பிழை, சல்லடையோடு ஏறக்குறையச் சரி, அவ்வளவுதான். இன்று மென்பொருளில் வாய்பாடு ஒரே வரியில் கிடைக்கிறது, சலிக்கும் பொறுமைதான் கிடைப்பதில்லை. சல்லடைக்கும் எல்லை உண்டு: அது பருமனைப் பிரிக்கும், ஒளியைப் பிரிக்காது. ஒளிக்குக் கண்தான்.

தரவு பெருகினால் பிழை தானே கரையும் என்பது அடுத்த வாதம். முத்துக்குளிப்புக்கு முன், கடலடிச் சிப்பித் திட்டான பாரிலிருந்து சிப்பிகளை மாதிரியாக எடுத்து, ஆயிரம் சிப்பிக்கு என்ன மதிப்புத் தேறும் என்று அரசு கணித்துப் பார்த்தது. இலங்கைக் கரையில் 1905-இல் கோடிக்கணக்கில் சிப்பி கிடைத்தது. மறு ஆண்டே ஒரு கம்பெனி 20 ஆண்டுக் குத்தகை எடுத்தது. 1907-க்குப் பிறகு பார்கள் வெறுமையாகின, கம்பெனி மூழ்கியது. இந்த வாதம் சாய்ந்து நிற்கும் பெரு எண்களின் விதி, மாதிரி எடுத்த தொகுதியே நாளைக்கும் நிற்கும் என்று வைத்துக்கொண்டு பேசுகிறது. பாரோ நீரோட்டத்தையும் மிதந்துவரும் சிப்பிக்குஞ்சுகளையும் சிப்பிகளைத் தின்னும் திருக்கையையும் பொறுத்து நிற்பது. கோடிச் சிப்பிகளை எண்ணியிருந்தாலும் அது அந்த ஓராண்டின் கணக்கே. தூத்துக்குடியிலும் 1955-இல் மீண்டும் தொடங்கிய முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோனது.