தங்கையின் அலாரிப்பை எப்படிப் பார்ப்பது

பரதக் கச்சேரிக்குப் புதிதாகப் போகிறவர்களின் கண் நேராக முகத்துக்குத்தான் போகும். என் தங்கை ஆடும்போது மட்டும் முகத்தை விட்டுவிட்டுப் பாதத்திலிருந்து தொடங்குங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். அவளைப் போன்ற பிள்ளைகள் அநேகமாக எல்லா நாட்டியப் பள்ளிகளிலும் இருக்கிறார்கள். கடைக்காரரிடம் மீதிச் சில்லறை கேட்க நா எழாது. உறவுக்காரர் வந்தால் உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். போன் அடித்தால், அது ஓயும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அதே பிள்ளை சலங்கை கட்டிக்கொண்டு ஒரு சபை நிறையப் பேர் முன்னால் நிற்கிறாள். “அப்படின்னா வீட்டுல பயப்படறதெல்லாம் பாசாங்கா?” என்று கேட்டவர்கள் உண்டு. பாசாங்கு இல்லை. இந்த இரண்டும் ஒரே ஆளிடம் எப்படிக் குடியிருக்கின்றன என்று புரிந்துகொண்டால், பரதத்தில் நாம் அவசரமாகக் கடந்துபோகும் பகுதிகள் கண்ணில் படத் தொடங்கும்.

அவளுக்கு இருக்கும் சமூகப் பதற்றம் சாதாரணக் கூச்சம் அல்ல. எல்லோரும் தன்னை எடை போடுகிறார்கள், எப்போது வேண்டுமானாலும் தான் அவமானப்படலாம் என்ற ஓயாத அச்சம் அது. டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற உளவியலாளர்கள் 1995-இல் தந்த விளக்கம் எனக்கு மிகவும் உதவியது. கூட்டத்தில் இருக்கும்போது இந்தப் பதற்றம் உள்ளவர்களின் கவனம் எதிரில் இருப்பவர்மேல் நிற்காமல் தங்கள்மேலேயே திரும்பிவிடுகிறது. குரல் நடுங்குகிறதா, முகம் வியர்க்கிறதா, கையை எங்கே வைத்துக்கொள்வது, எவ்வளவு நேரம் ஒருவர் கண்ணைப் பார்க்கலாம் என்று உள்ளுக்குள்ளேயே கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பேச்சில் இவற்றுக்கு விதி எதுவும் கிடையாது. பரதத்தில் உண்டு.

கை எங்கே இருக்க வேண்டும் என்று அங்கே யாரும் தவிக்க வேண்டியதில்லை. நாட்டியாரம்பம் என்ற தொடக்க நிலையில் கைகள் தோள் மட்டத்தில் விரிந்து நிற்கும். பதாகமா, கடகாமுகமா, அலபத்மமா என்று விரல்களுக்கும் முத்திரை முடிவு செய்யப்பட்டிருக்கிறது. கண்ணுக்கும் இடம் உண்டு. கை போகும் வழியில் பார்வை போக வேண்டும் என்று ‘அபிநய தர்ப்பணம்’ சொல்கிறது. நாட்டியம் கற்கும் பிள்ளைகள் மிகச் சீக்கிரமே கேட்டுப் பழகும் பாடம் இது. எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்க முடியாத ஒருத்திக்கு, பார்வையை வைக்க ஓர் இடம் கிடைப்பது சின்ன விஷயமல்ல. ஆகவே அவள் ஆடும்போது கையையும் கண்ணையும் சேர்த்துப் பாருங்கள். கை நீளும்போது விரல் நுனிவரை பார்வை தயங்காமல் போய்ச் சேர்கிறதா? போய்ச் சேர்ந்தால் அந்த நொடியில் அவளுக்குச் சபை இல்லை, கைதான் இருக்கிறது.

இதைப் பழகிக்கொள்ள அலாரிப்பைவிட நல்ல இடம் கிடையாது. பெரும்பாலும் கச்சேரியின் முதல் உருப்படி அதுதான். சில நிமிடங்களில் முடிந்துவிடும். பலர் அது முடிந்த பிறகுதான் அரங்குக்குள் வந்து இடம் தேடுவார்கள். அது எனக்கு வருத்தம் தரும். வழக்கமான அலாரிப்பில் பாட்டு கிடையாது. நட்டுவனாரின் சொற்கட்டும், தாளமும், மிருதங்கமும்தான். கதை இல்லை, யாராகவும் நடிக்க வேண்டியதில்லை. கைகளைத் தலைக்கு மேல் கூப்பிக்கொண்டு நேராக நிற்கிறாள். முதலில் கண்கள் மட்டும் இருபுறமும் போய் வருகின்றன. அடுத்து கழுத்து அசையும், அட்டமி என்பார்கள். பிறகு தோள், கை. பிறகு அரைமண்டி, முழுமண்டி என்று உடல் தரைக்கு இறங்கி எழுகிறது. ஒரு நேரத்தில் ஓர் உறுப்பு என்று உடம்பு மெல்ல மெல்லச் சபைக்கு முன் வருகிறது. சபையில் ஒரேயடியாகத் தன்னைக் காட்டிக்கொள்ள முடியாத ஒருத்திக்கு இதைவிடப் பொருத்தமான நுழைவு வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. திச்ர அலாரிப்பு என்றால் மனத்துக்குள் மும்மூன்றாக எண்ணிக்கொண்டே பாருங்கள். அந்த எண்ணிக்கைக்குள்தான் அவளும் இருக்கிறாள்.

அடுத்து அரைமண்டி. குதிகால்கள் சேர்ந்து, பாதங்கள் வெளிப்பக்கம் திரும்பி, முழங்கால்கள் பக்கவாட்டில் மடங்க, முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும். பார்க்க எளிதாகத் தெரியும், தொடை எரியும். முதல் காலத்தில் நன்றாக அமரும் பலர், மூன்றாம் காலத்தில் வேகம் கூடும்போது தங்களை அறியாமல் எழும்பிவிடுவார்கள். தலை ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். என் தங்கையிடம் நான் காணும் அமைதி, கை காலைத் தளர்த்திவிட்டுப் பெறும் ஓய்வு அல்ல. கடுமையாக உழைத்துக்கொண்டிருக்கும் உடம்பின் அமைதி அது. கவனம் முழுவதும் தொடையிலும் பாதத்திலும் காலப்பிரமாணத்திலும் செலவாகும்போது, தன்னைத்தானே வேவு பார்க்க மிச்சம் எதுவும் இருப்பதில்லை.

முடிந்தால், ஆசிரியரிடம் அனுமதி கேட்டு ஒரு நாள் வகுப்பில் போய் உட்காருங்கள். தட்டுக்கழி பலகையில் விழ, ‘தெய்யா தெய்’ என்ற சொல்லுக்குப் பிள்ளைகள் வரிசையாகத் தட்டடவு போடுவார்கள். எல்லோரும் முன்பக்கம் பார்த்து நிற்கிறார்கள். யாரும் யாரிடமும் பேச வேண்டியதில்லை. ஆனாலும் எல்லாப் பாதங்களும் ஒன்றாக விழுகின்றன. பேசாமலே பத்துப் பேரோடு சேர்ந்திருக்க முடிகிற இடம் அவளுக்கு வேறு எங்கே இருக்கிறது?

கச்சேரியின் நீண்ட உருப்படியான வர்ணம் வரும்போது ஆதி தாளத்தை மடியில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. மொத்தம் 8 எண்ணிக்கை, அது ஓர் ஆவர்த்தனம். முத்தாய்ப்பாக வரும் அடவுக் கோவையான தீர்மானம் சுற்றிச் சுற்றி வந்து உங்கள் விரல் இருக்கும் இடத்திலேயே வந்து இறங்கும்போது உடம்பு தானாக நிமிரும். அவள் ஒரு அடி தவறவிட்டால் முகம் சுளிக்காதீர்கள். நட்டுவாங்கத் தாளத்தைப் பிடித்துக்கொண்டு அவள் எப்படித் திரும்ப வந்து சேர்கிறாள் என்று பாருங்கள். கடைத்தெருவில் ஒரு வார்த்தை தடுமாறினால் வாரக்கணக்கில் அதையே நினைத்து நோகிறவள், இங்கே அடுத்த ஆவர்த்தனத்துக்குள் எழுந்துவிடுகிறாள்.

அபிநயமே பரதத்தின் உச்சி, அடவுகள் என்ற அடிப்படை அசைவுகள் அதற்கு வெறும் படிக்கட்டு என்று சொல்லும் ரசிகர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதற்காக அபிநயத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி 1975-இல் தமிழிசைச் சங்கத்தில் ஆற்றிய உரையில் கச்சேரி முறையைக் கோயிலுக்குள் நுழைவதோடு ஒப்பிட்டார். அலாரிப்பு கோபுரம்; வர்ணத்தின் ஆரவாரமெல்லாம் அடங்கிய பிறகு வரும் பதம், கருவறைக்குள் போகும் குளிர்ந்த அமைதி. பதத்தில் நாயகி தோழியிடம் மனம் திறக்கிறாள். சொந்த வாயால் ஒன்றைக் கேட்க முடியாதவள் நாயகியின் வாயால் கோபிக்கிறாள், இறைஞ்சுகிறாள். எல்லோருக்கும் இது உடனே வசப்படுவதில்லை. என் தங்கைக்கு இன்னும் முழுதாக வரவில்லை. அதுவரை கோபுரத்தையே நின்று பார்ப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

பெற்றோருக்கு ஒன்று. நாட்டியம் மருத்துவம் அல்ல. பிள்ளை பள்ளிக்குப் போக மறுத்தால், பிறர் முன்னால் சாப்பிடவே அஞ்சினால், மனநல நிபுணரிடம் அழைத்துப் போங்கள். எண்ணங்களையும் நடத்தையையும் படிப்படியாக மாற்றும் சிகிச்சை இதற்கு நன்றாகப் பலன் தருகிறது. பயத்தைப் போக்குகிறேன் என்று பிள்ளையை எல்லோர் முன்னாலும் ஏசும் வகுப்பிலிருந்து உடனே நிறுத்திவிடுங்கள்.

மங்களம் முடிந்ததும் கூட்டமாக ஒப்பனை அறைக்குள் நுழைந்து படம் எடுக்க இழுக்காதீர்கள். சலங்கையைக் கழற்றியதும் பழைய பயம் திரும்பி வந்திருக்கும். “பயமா இருந்துச்சா?” என்று கேட்பதும், “சூப்பர்!” என்று சொல்வதும் அவளுக்கு ஒரே சுமைதான், இரண்டுமே அவளை மறுபடி அவள்மேலேயே திருப்பிவிடும். வீட்டுக்கு வந்து, சாப்பிட்ட பிறகு, ஆட்டத்தைப் பற்றி ஒன்றைக் கேளுங்கள். “இரண்டாவது தீர்மானத்துல வலது கால் ஏன் ஒரு தட்டு தாமதிச்சு விழுது?” என்று ஒருமுறை கேட்டேன். “அது தாமதம் இல்லக்கா, அங்க ஒரு கார்வை இருக்கு” என்று தொடங்கினாள். நாற்காலியை நகர்த்தச் சொல்லி, ஆடியே காட்டினாள். கூடத்தில் பெரியம்மா வீட்டார் உட்கார்ந்திருந்ததை அவள் கவனித்ததாகவே தெரியவில்லை.