சங்கரின் இரட்டை வயலின்: மரபும் புதுமையும்

மேனாட்டு நரம்புக் கருவியாகிய வயலின் தென்னாட்டு இசையரங்கில் இடம்பெற்று ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாகின்றன. முத்துசுவாமி தீட்சிதரின் இளவலாகிய பாலுசுவாமி தீட்சிதர் அதனைக் கற்று நம் இசைக்கு இசைவித்தார் என்பது இசைவரலாறு கூறும் செய்தி. ஆயின், மேனாட்டிலே வயலின் தனித்து நிற்பதன்று. வியோலா, செலோ, டபிள் பாஸ் என்னும் தாழ்குரற் கருவிகளோடு கூடிய ஒரு குடும்பத்தின் உச்சக்குரல் அது. நாம் அக்குடும்பத்தில் ஒருவரை மட்டும் வீட்டினுள் அழைத்தோம். செலோ முதலாய ஏனையோர் நம் கச்சேரி மேடையில் நிலைபெறவில்லை. இக்குறையைத் தம் கைக்கருவியிலேயே தீர்க்க முயன்றவர் எல். சங்கர். அவர் இசைவாழ்வு எத்துணைப் பயன்பட்டது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

சங்கர் 1950இல் சென்னையிற் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். தந்தையார் வி. லட்சுமிநாராயணர் யாழ்ப்பாணத்தில் இசை பயிற்றிய வயலின் ஆசிரியர். எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம் என்னும் தமையன்மாரும் வயலின் வல்லோரே. 1958ஆம் ஆண்டின் இனக்கலவரத்தை அடுத்து அக்குடும்பம் ஈழத்தை நீங்கிச் சென்னை சேர்ந்தது. இம்மண்ணில் வேரூன்றியிருக்கக்கூடிய ஒரு வயலின் பரம்பரை வேற்றிடம் பெயர்ந்தமை நமக்கு நேர்ந்த பேரிழப்பு என்பதில் ஐயமில்லை.

பின்னர்ச் சங்கர் அமெரிக்கா சென்று வெஸ்லியன் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவர் ஆராய்ந்த பொருள் தென்னிந்திய வாய்ப்பாட்டுக்கு வயலின் பக்கவாத்தியமாக அமையும் கலை என்பது கருதத்தக்கது. பாடகரின் குரலை நிழல்போற் பின்தொடர்வதே பக்கவாத்தியக்காரர் கடமை. ஆண்குரல் மெலிவுத் தானத்தில் ஆழ இறங்கும்போதோ, வயலின் அச்சுரங்களை உயர்ந்த தானத்தில் நின்றே எதிரொலிக்க வேண்டியதாகின்றது. நிழலுக்கு நீளம் போதவில்லை. சங்கரின் பிற்காலப் புதுமைக்குரிய வித்து இவ்விடத்தே உள்ளது என்பது எம் கருத்து.

அவரை உலகறியச் செய்தது 'சக்தி' என்னும் குழு. ஆங்கிலேயக் கிற்றார்க் கலைஞர் யோன் மக்லாலின், தபேலா மேதை சாகிர் உசேன், கடம் வித்துவான் விக்கு விநாயகராம் ஆகியோரோடு சங்கர் அதில் வாசித்தார். 1976, 1977 ஆகிய ஆண்டுகளில் அக்குழுவின் மூன்று இசைத்தட்டுக்கள் வெளிவந்தன. கிற்றாரும் வயலினும் சுரக்கோவைகளை மாறிமாறித் தொடுத்துப் படிப்படியாகக் குறுக்கிச் செல்லும் இடங்கள் நம் கற்பனைச்சுர மரபின் குறைப்பையே நினைப்பிக்கின்றன. ஜாஸ் இசைஞர் தம் கற்பனைக்கு ஒத்திசைத் தொடர்களை நிலைக்களனாகக் கொள்வர். நம்மவர் இராகத்தையும் தாளத்தையும் கொள்வர். எனினும், அவைக்கண்ணே அப்பொழுதே படைத்தல் இருவர்க்கும் பொது. இப்பொதுமையே அக்கூட்டினை வெறும் கலவையாகாது காத்தது.

எனினும் விரைவு மிக்க அவ்வுரையாடலில் ஆழத்துக்கு இடம் குறைவு. அவ்வாழத்தை அவர்க்கு அளித்தது இரட்டை வயலின். இரு கழுத்தும் பத்து நரம்பும் உடைய இம்மின்கருவியைச் சங்கரின் கருத்துக்கிணங்கச் சமைத்தவர் கென் பார்க்கர் என்னும் அமெரிக்கக் கைவினைஞர். வயலின் முதல் டபிள் பாஸ் வரையுள்ள குரல்கள் யாவும் ஒரே வில்லின் ஆட்சிக்குள் வந்தன. 1980ஆம் ஆண்டுக்குரிய இசைத்தட்டில் இக்கருவியிலே இராகம் தானம் பல்லவி வாசித்தார். மிருதங்கம் உமையாள்புரம் சிவராமன்; தபேலா சாகிர் உசேன்; தாளமிட்டவர் தந்தையாரே. புதுக்கருவியைக் கையிலேந்திய மைந்தன் மிகப் பழைய வடிவத்தைத் தேர்ந்ததும், குருவாகிய தந்தை அருகிருந்து தாளங் காத்ததும் தற்செயலன்று என்க. சங்கரின் படைப்புக்களுள் இதனையே தலையாயதாகக் கொள்வோம். இராகத்தின் ஒரே உருவம் மெலிவிலிருந்து வலிவுவரை அறுபடாது எழுவதற்கு வேண்டியே ஈண்டுக் கருவி விரிந்துள்ளது.

எல்லாப் படைப்பும் இத்தகையன என்று கூறுதற்கில்லை. பிராங்க் சப்பாவின் தயாரிப்பில் 1979இல் வெளிவந்த ரொக் இசைத்தட்டில் வயலின் பெரிதும் ஒப்பனையாகவே நின்றுவிடுகின்றது. 1983ஆம் ஆண்டு நோர்வே நாட்டு யான் கார்பரெக், டென்மார்க்கின் பல்லே மிக்கெல்போர்க் ஆகியோருடன் வெளியிட்ட தட்டிலோ, இரட்டை வயலினின் தாழ்குரலே ஊதுகருவிகளுக்கு நிலைக்களனாயிற்று. இதனால் பெறப்படுவது யாது? பிறநாட்டார் கூட்டு நம் இசையைக் கெடுப்பதுமன்று, உயர்த்துவதுமன்று. கருவி கற்பனைக்கு ஏவல் செய்யுமிடத்துக் கலை வளர்கின்றது, கற்பனை புதுமைக்கு ஏவல் செய்யுமிடத்துத் தளர்கின்றது.

இனி, ஒரு பெருங்கேள்வி எஞ்சுகின்றது. மட்டக்களப்பு வாவி சூழ்ந்த இந்நாட்டவர்க்கு அதனை விளக்கிக் கூறவேண்டுவதில்லை. காரைதீவிலே தோன்றிய சுவாமி விபுலாநந்தர், பேரியாழ் முதலாய கருவிகளின் இலக்கணத்தை நூல்வழியே மீட்டெடுத்து, 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் 'யாழ் நூலை' அரங்கேற்றினார். ஆண்டுபலவாக அவர் உழைத்தற்குக் காரணம் யாது? யாழ் இனிமை குன்றியமையன்று. அதனைக் கையிலே தாங்கி அடுத்த தலைமுறைக்குப் பயிற்றும் ஆசிரியவழி அற்றமையே. இரட்டை வயலினை அக்குடும்பத்து ஜிஞ்சர் சங்கரும் வாசிக்கின்றார். எனினும், இசைப்பள்ளிகளிற் பலரும் பயிலும் கருவியாக அது பரவவில்லை. பாலுசுவாமியின் வயலின் வாழ்ந்தது மாணாக்கர் பெருகினமையால்.

ஆதலின், சங்கர் ஒரு கருவியை ஆக்கினார் என்று புகழ்வது பாதி மதிப்பீடே. அக்கருவிக்கு வேண்டிய மாணவ பரம்பரையை ஆக்குதல் எஞ்சிய பாதி. மட்டக்களப்பிலே சுவாமி பெயரால் விளங்கும் அழகியற் கற்கைகள் நிறுவகத்தினின்றும் வயலின் கற்று வெளியேறும் இளைஞர், நான்கு நரம்புகளோடு அமைதல் வேண்டுமா என்று தம்மைத் தாமே வினவுவாராக. வினவுவார் உளராயின், 1958இல் இத்தீவை நீங்கிய நாதம் மீண்டும் இங்கே வழிகாணும்.