கன்ஸா அம்மையாரின் ஒரு சிறு மர்ஸியா

துயரத்துக்கு மெல்ல நடக்கும் யாப்பே உரியது, வீரத்துக்கு விரைந்தோடும் யாப்பே ஏற்றது என்று சொல்வோர் நம்மிடையே உண்டு. அல்கன்ஸா அம்மையார் தம் சகோதரர் ஸக்ரின் மறைவுக்கு இரங்கி, தம் இரு கண்களையும் விளித்துப் பாடிய சிறு பாட்டை ஓதிப் பார்த்தவர்கள் அவ்வாறு சொல்லத் தயங்குவர்.

அப்பாட்டின் யாப்பு முதகாரிப். பஸராவின் கலீல் இப்னு அஹ்மது வகுத்த 15 யாப்புகளுள் ஒன்று. இதன் சீர் ‘ஃபஊலுன்’. நம் வாய்பாட்டில் புளிமா. (முற்றும் ஒன்றென்று கொள்ளற்க. நம் நிரையசையில் இரு குறில் மட்டும் வந்தாலும் போதும். அரபில் இரண்டாவது நெடிலாகவோ ஒற்றடுத்தோ வந்தாக வேண்டும்.) அரையடிக்கு நான்கு சீர். அடியின் கடைச்சீர் குறைந்து ஓரசையாய் நிற்கும். வெண்பாவின் ஈற்றில் ‘மலர்’ நிற்பதை அறிந்தோர்க்கு இது புதிதன்று.

இதே சீரும் இதே குறைந்த ஈறுமே ஃபிர்தௌஸி 1010இல் நிறைவு செய்த ஷாஹ்நாமாவிலும் வருகின்றன. அங்கே குதிரைக் குளம்பொலியாய்க் கேட்பது இங்கே விம்மலாய்க் கேட்பது எதனால்? காஃபியாவினால் என்போம். ஷாஹ்நாமாவில் ஓரடியின் இரு பாதியும் தமக்குள் இயையும். அடுத்த அடியில் வேறு இயைபு பிறக்கும். கதை முன்னே செல்லும். அம்மையாரின் பாட்டிலோ அடிதோறும் ஈற்றில் தால் எழுத்தும் அதன்பின் நீளும் ஆகாரமுமே. எத்திசையில் புறப்பட்டாலும் அந்தத் திறந்த ஓசையிலேயே வந்து விழுகிறார்.

அவ்வோசை ஈற்றில் மட்டும் இல்லை. கண்கள் இரண்டாதலின் அவற்றை ஏவும் வினைகள் இருமையில் வருகின்றன. அரபில் அவ்வினையின் ஈறும் ஆகாரமே. அழும்படி மூன்று முறை வினவுகிறார். ஒருமையும் பன்மையும் மட்டுமே உடைய தமிழில் இதைப் பெயர்ப்போர், எதிரே இருவரை நிறுத்திக் கேட்கும் நெருக்கத்தை இழந்துவிடுகின்றனர்.

பொருளிலும் ஒரு நயம் உண்டு. கண்களிடம் அவர் வேண்டுவது ‘ஜூத்’, அதாவது கொடை. ஸக்ருக்குத் தரும் அடை ‘நதா’. அதுவும் கொடையே, ஈரம் என்றும் பொருள்படும். ஸக்ர் என்னும் பெயருக்கோ பாறை என்று பொருள்! அவர் கொடுத்த கைக்குக் கண்ணும் கொடுத்தாக வேண்டும் என்னும் வாதம் இதில் அடங்கியிருக்கிறது. எஞ்சிய அடிகளில் உள்ள உயரமும் இளமையில் பெற்ற தலைமையும் மர்ஸியாக்களில் வழக்கமாய் வரும் புகழ்ச்சிகளே.

இதே ஸக்ருக்கு இவர் பாடிய புகழ்பெற்ற மற்றொரு மர்ஸியா பஸீத் யாப்பில் அமைந்தது, காஃபியா ‘ரா’. ஒருவர் துயரமே இரு யாப்பிலும் அழுதிருக்கிறது.