பண்டிகைக்கு வந்த பிள்ளை

பண்டிகைக்கு வீடு திரும்புகிறவனைப் பற்றிக் கதை எழுதுவது சுலபம் என்று பலர் எண்ணுகிறார்கள். வாசலில் விளக்கு, அடுப்படியில் மணம், கதவைத் திறக்கும் தாயாரின் கண்ணில் நீர் எல்லாம் முன்பே தயாராக இருக்கின்றன. எழுத்தாளன் செய்யவேண்டியது ஓர் ஆளைக் கப்பலிலோ விமானத்திலோ ஏற்றிக் கொண்டுவந்து வாசலில் நிறுத்துவதுதான். நிறுத்தியதும் வாசகருக்கு நெஞ்சு நெகிழும், கதையும் முடிந்துவிடும். முடிந்துவிடுகிறது என்பதுதான் இந்த மாதிரிக் கதைகளின் குறை என்று எனக்குத் தோன்றுகிறது. வந்தவன் மறுநாள் காலையில் எழுந்து என்ன செய்தான் என்று யாரும் கேட்பதில்லை.

மேல்நாட்டு இலக்கியத்தில் கிறிஸ்துமஸுக்கு வீடு திரும்புவது ஒரு தனிச் சம்பிரதாயமாகவே ஆகியிருக்கிறது. அதற்கு அஸ்திவாரம் போட்டவர்களில் முக்கியமானவர் டிக்கன்ஸ். 1843-இல் வெளிவந்த 'எ கிறிஸ்துமஸ் கேரல்' கதையில், விடுமுறையிலும் பள்ளிக்கூடத்தில் தனியாக விடப்பட்ட சிறுவன் ஸ்க்ரூஜை அழைத்துப் போக அவன் தங்கை வருகிறாள். அப்பா முன்போல் இல்லை, இப்போது அன்பாக இருக்கிறார் என்கிறாள். வண்டி புறப்படுகிறது. ஆனால் அந்த வீட்டுக்குள் டிக்கன்ஸ் நம்மை அழைத்துப் போவதில்லை. அப்பா உண்மையிலேயே மாறிவிட்டாரா? பையனும் அவரும் ஒரு மேஜையில் உட்கார்ந்தபோது என்ன பேசிக்கொண்டார்கள்? டிக்கன்ஸ் பெரிய கலைஞர். எங்கே நிறுத்தவேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அந்த இடத்தில் நிறுத்துவதையே ஒரு வழக்கமாக்கிக்கொண்டார்கள்.

1943-இல், இரண்டாவது உலக யுத்தத்தின்போது, பிங் கிராஸ்பி பாடிப் புகழ்பெற்ற 'ஐ வில் பி ஹோம் ஃபார் கிறிஸ்துமஸ்' என்ற அமெரிக்கப் பாட்டு இந்தச் சம்பிரதாயத்துக்குள் ஓர் உண்மையைச் சொல்லிவிட்டது. தூரத்தில் இருப்பவன் பண்டிகைக்கு வந்துவிடுவதாக வீட்டாருக்கு வாக்குக் கொடுக்கிறான். என்னென்ன தயாராக இருக்கவேண்டும் என்றும் சொல்கிறான். கடைசியில், வருவது கனவில் மட்டும்தானோ என்னவோ என்று முடிக்கிறான். பட்டாளத்தில் இருந்தவர்களுக்கு இந்தப் பாட்டு அவ்வளவு பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை. வாசலை எட்டாத வரையில்தான் வீடு பூரணமாக இருக்கிறது என்று அது அவர்களுக்குத் தெரிந்தோ தெரியாமலோ சொல்லியது.

ஜேம்ஸ் ஜாய்ஸ் விஷயமும் இதற்குப் பக்கத்தில் வருவதுதான். கிறிஸ்துமஸ் காலத்து டப்ளின் விருந்து ஒன்றைப் பற்றிய அவருடைய 'தி டெட்' கதை 1907-இல், அப்போது ஆஸ்திரிய-ஹங்கேரிய சாம்ராஜ்யத்தைச் சேர்ந்திருந்த டிரியெஸ்ட் நகரில் எழுதி முடிக்கப்பட்டது. அதற்கு முந்திய வருஷம் ரோமாபுரியிலிருந்து தம்பிக்கு எழுதிய கடிதத்தில், டப்ளின் மக்களின் விருந்தோம்பலுக்குத் தம் கதைகளில் நியாயம் செய்யத் தவறிவிட்டதாக அவர் குறிப்பிட்டிருக்கிறார். ஊரில் இருந்தபோது தெரியாதது ஊரை விட்டுப் போனபின் தெரிந்தது. ஆனால் ஜாய்ஸ் அந்த மேஜைக்கு எழுத்தில்தான் திரும்பினார். உடம்போடு திரும்பி வந்து உட்காருகிறவனின் கஷ்டம் வேறு.

அந்தக் கஷ்டத்தை நேருக்கு நேர் எடுத்துக்கொண்டு, மறுநாள் காலையையும் அதற்கு அடுத்த நாட்களையும் எழுதிக் காட்டிய நாவல் ஒன்று இருக்கிறது. அமெரிக்க நாவலாசிரியர் ஜோனதன் ஃப்ரான்ஸன் 2001-இல் வெளியிட்ட 'தி கரெக்‌ஷன்ஸ்'. அந்த வருஷத்திய அமெரிக்க தேசியப் புத்தகப் பரிசு அதற்குக் கிடைத்தது. பரிசு கிடைத்ததால் நல்ல நாவல் என்று நான் சொல்லவில்லை. பரிசு கிடைத்தும் நல்ல நாவல்.

கதை என்று பார்த்தால் மிகவும் சாதாரணமானது. அமெரிக்காவின் மத்தியப் பகுதியில் ஸெயிண்ட் ஜூட் என்று ஒரு கற்பனை நகரம். கைவிடப்பட்ட காரியங்களுக்கெல்லாம் காவலராகக் கத்தோலிக்கர்கள் வணங்கும் மகானின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார் ஆசிரியர். அங்கே ஆல்ஃப்ரட் என்ற ஓய்வுபெற்ற ரெயில்வே எஞ்சினீயரும் அவர் மனைவி ஈனிடும் வசிக்கிறார்கள். அவருக்குப் பார்கின்ஸன் வியாதி. உடம்பும் புத்தியும் தளர்ந்து வருகின்றன. மூன்று குழந்தைகளும் வெளியூரில். மூத்தவன் கேரி ஃபிலடெல்ஃபியாவில் பாங்கு உத்தியோகஸ்தன். இளையவன் சிப், மாணவி ஒருத்தியோடு ஏற்பட்ட உறவால் கல்லூரி வேலையை இழந்தவன். கடைக்குட்டி டெனீஸ் பெயர்பெற்ற சமையல்காரி. ஈனிடுக்கு ஒரே ஓர் ஆசை: இந்த வீட்டில் கடைசியாக ஒரு கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் ஒன்றாக இருக்கவேண்டும். 500 பக்கங்களுக்கு மேற்பட்ட நாவல் முழுவதும் இந்த ஒரு ஆசையைச் சுற்றித்தான் நகர்கிறது.

கிறிஸ்துமஸ் நமக்குச் சொந்தப் பண்டிகையாக இருக்கலாம், அடுத்த வீட்டுப் பண்டிகையாக இருக்கலாம். ஈனிடைப் புரிந்துகொள்ள அது ஒரு தடையில்லை. துணியில் தைத்த ஒரு காலண்டர் அவளிடம் இருக்கிறது. டிசம்பர் மாதத்தில் நாளுக்கு ஒன்றாக 24 சின்னப் பைகள். ஒவ்வொன்றிலும் மரத்தில் தொங்கவிட ஒரு பொம்மை. கடைசிப் பையில் குழந்தை இயேசு. பிள்ளைகள் சிறுவர்களாக இருந்த காலத்திலிருந்து வருஷந்தோறும் சுவரில் மாட்டுகிறாள். அவளைப் பார்த்து ஆசிரியர் நாவலின் முற்பகுதியில் நிறையச் சிரிக்கிறார். அவளுடைய வீண் பெருமைகள், அண்டைவீட்டாரோடு செய்துகொள்ளும் ஒப்பீடுகள், நச்சரிப்பு எதையும் விடவில்லை. ஆனால் அவளுடைய ஆசை அசட்டு ஆசை என்று மட்டும் அவர் எந்த இடத்திலும் தீர்மானமாகச் சொல்வதில்லை. அதில்தான் இந்த நாவலின் மனிதத்தன்மை இருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து வருகிறவன் சிப். அவன் ஏன் வீட்டுக்கு வராமல் இருந்தான் என்பதற்கு ஃப்ரான்ஸன் சொல்லும் காரணம் மிகவும் நுட்பமானது. நியூயார்க்கில் அவன் 'வாரன் ஸ்ட்ரீட் ஜர்னல்' என்று யாருக்கும் தெரியாத ஒரு பத்திரிகைக்கு எழுதிக்கொடுக்கிறான். தாயார் காதில் அது 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' என்று விழுகிறது. ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறாள். அவன் அதைத் திருத்தவில்லை. 'திருத்தங்கள்' என்று பெயர் வைத்த நாவலில், ஒரு பிள்ளை செய்யாமல் விட்ட சின்னத் திருத்தம் இது. அந்த நிமிஷத்திலிருந்து வீட்டில் அவனுடைய இடத்தில் வேறொரு சிப் உட்கார்ந்துவிடுகிறான். உத்தியோகமும் கௌரவமும் உள்ள அந்த சிப்பை வெளியே தள்ளாமல் இந்த சிப் உள்ளே நுழைய முடியாது. தூரதேசத்தில் இருக்கும் பிள்ளைகள் வீட்டுக்கு வராததற்கு டிக்கெட் விலையும் லீவும் மட்டும் காரணம் இல்லை. வீட்டில் தன்னைப் பற்றி இருக்கும் பிம்பத்துக்குப் பயந்து வராதவர்கள் நிறையப் பேர் உண்டு. இதை இவ்வளவு தெளிவாக எழுதிய நாவல் வேறு எதையும் நான் படித்ததில்லை.

தங்கையிடம் வாங்கிய கடன் வளர்கிறது. எழுதிய சினிமாக் கதை விலைபோகவில்லை. பெற்றோர் நியூயார்க்கில் தன்னைப் பார்க்க வந்த அன்றே அவர்களை விட்டுவிட்டு சிப் லிதுவேனியாவுக்குப் போய்விடுகிறான். அங்கே கிடானஸ் என்ற அரசியல்வாதியோடு சேர்ந்து, அமெரிக்க முதலீட்டாளர்களை இண்டர்நெட் மூலம் ஏமாற்றும் தொழில். டிசம்பரில் அங்கே அரசியல் குழப்பம் வெடிக்கிறது. போலந்து எல்லையை நோக்கித் தப்பிப் போகும் வழியில் முகமூடிக்காரர்கள் அவனை மறித்து, இருந்த பணத்தையெல்லாம் பறித்துக்கொள்கிறார்கள்.

இந்தப் பகுதி எனக்குத் திருப்தி தரவில்லை. ஃப்ரான்ஸனின் லிதுவேனியா ஒரு கார்ட்டூன். வாஸ்தவமான லிதுவேனியா 1990 மார்ச் 11-இல் சுதந்திரத்தை மீண்டும் பிரகடனம் செய்து, கஷ்டப்பட்டு நிலைபெற்று, 2004-இல் ஐரோப்பிய யூனியனிலும் நேட்டோவிலும் சேர்ந்த தேசம். நாவலில் வரும் துப்பாக்கிச் சண்டைகளும் சிதைந்துபோன அரசாங்கமும் அங்கே நடந்தவை அல்ல. தன் ஊர்ச் சமையலறையின் ஒவ்வொரு டிராயரையும் திறந்து பார்த்து எழுதுகிற ஆசிரியர், அயல்நாட்டை வெறும் திரைச்சீலையாகத் தொங்கவிட்டிருக்கிறார். வீடு நிஜமாக இருந்து வெளிநாடு பொய்யாக இருந்தால், திரும்பி வருவதன் கனம் பாதி குறைந்துவிடும். ஹாஸ்யத்துக்காக அப்படிச் செய்தார் என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு அது போதவில்லை.

ஆனால் கொள்ளைபோன சிப் கிறிஸ்துமஸ் காலையில் பெற்றோர் வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது நாவல் மறுபடியும் நிமிர்ந்துவிடுகிறது. ஏனெனில் அங்கே ஏற்கெனவே கேரி வந்திருக்கிறான். மனைவியும் மக்களும் வரவில்லை, அவன் மட்டும். சம்பாதிக்கிறவன், பொறுப்புள்ளவன், சொன்ன தேதியில் வந்தவன். குளியலறையில் தகப்பனாருக்காகச் செய்த சின்ன வேலைக்கு வாங்கிய போல்ட்டுகளின் விலையைக் கணக்குச் சொல்லித் தாயாரிடம் கேட்கிறான். வீட்டை விற்றுவிடவேண்டும், அப்பாவுக்கு ஏற்பாடு செய்யவேண்டும் என்று அவன் சொல்வதெல்லாம் நியாயமும்கூட. நியாயத்தைச் சொல்லி எல்லாரையும் நோகடித்துவிட்டுப் போகிறான். கையில் ஒன்றும் இல்லாமல் வந்த சிப்போ தங்கிவிடுகிறான். ஒருவனுக்குப் பண்டிகை ஒரு கடமை, முடிந்தால் கிளம்பிவிடலாம். மற்றவனுக்குப் போக இடம் இல்லை. போக இடம் இல்லாதவன்தான் உபயோகமான பிள்ளையாகிறான் என்பதில் உள்ள கசப்பை ஃப்ரான்ஸன் மறைக்கவில்லை.

பண்டிகை என்னவோ பாழ்தான். ஈனிட் கனவு கண்ட கிறிஸ்துமஸ் நடக்கவே இல்லை. பிறகு ஆஸ்பத்திரியில், கட்டிலோடு கட்டிவைக்கப்பட்ட ஆல்ஃப்ரட், தன்னை விடுவித்துவிடும்படி மன்றாடுவது இந்த உதவாக்கரைப் பிள்ளையிடம்தான். மூத்தவனிடம் இல்லை. சிப்பால் அதைச் செய்யமுடியவில்லை. தூரத்திலிருந்து வந்தவனிடம் வீடு கடைசியில் என்ன கேட்கும் என்பதற்கு இதுதான் பதில். பரிசுப் பொருளையும் பணத்தையும் அது கேட்பதில்லை. அவனால் கொடுக்கமுடியாத ஒன்றைக் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் அவன் உட்கார்ந்திருக்கவேண்டும். டிக்கன்ஸ் திறக்காமல் விட்ட கதவுக்கு உள்ளே இருப்பது இதுதான்.

இதற்குப்பின் ஆசிரியர் ஒரு காரியம் செய்கிறார். தகப்பனாருக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் பெண்ணை சிப்புக்குக் கல்யாணம் செய்துவைத்து, இரட்டைக் குழந்தைகளையும் கொடுத்துவிடுகிறார். சேவை செய்தவனுக்குச் சன்மானம்! இவ்வளவு கறாராக எழுதிவந்தவர் கடைசி அத்தியாயத்தில் திடீரென்று வாசகருக்குப் பயந்துவிட்டாரோ என்று தோன்றுகிறது. சன்மானம் இல்லாமலே அவன் அங்கே இருந்தான் என்று விட்டிருந்தால் இன்னும் பெரிய நாவலாகியிருக்கும்.

ஆனால் ஈனிட் விஷயத்தில் அவர் பயப்படவில்லை. முதியோர் விடுதியில் கிடக்கும் கணவனை அவள் தினமும் போய்ப் பார்க்கிறாள். வாழ்நாள் முழுவதும் அவர் எங்கெங்கே தவறினார் என்று தினமும் எடுத்துச் சொல்கிறாள். அவர் எதையும் ஏற்பதில்லை; உணவையும் மறுத்துச் சாகிறார். ஒருவரை ஒருவர் திருத்திவிடலாம் என்ற நம்பிக்கையில் நடத்திய குடும்பத்தில் ஒரு திருத்தமும் நடக்கவில்லை. அவர் போனபின் 75 வயதில் அவளுக்கு வாழவேண்டும் என்று ஆசை வருகிறது. இதைப் படித்து முகம் சுளிக்கிறவர்கள் இருக்கலாம். பதிபக்தி இதுதானா என்று கேட்கலாம். ஐம்பது வருஷம் ஒரு மனிதனுக்காகக் காத்திருந்தவளுக்குத்தான் அந்த ஆசையின் அளவு தெரியும் என்பேன்.

குடும்பத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் நம்மில் இரண்டு விதம். குடும்பம் புனிதமானது என்று எழுதுகிறவர்கள் ஒரு விதம்; குடும்பம் சிறைச்சாலை என்று எழுதுகிறவர்கள் மற்றொரு விதம். இருவருக்குமே முடிவு முன்கூட்டித் தெரியும். ஃப்ரான்ஸன் முடிவு தெரியாமல் உள்ளே போயிருக்கிறார். அதனால்தான் சில இடங்களில் தடுக்கி விழுகிறார். அதனால்தான் மற்றவர்களுக்கு அகப்படாதது அவருக்கு அகப்பட்டிருக்கிறது. ஆங்கிலம் படிக்கக்கூடியவர்கள், லிதுவேனியாவைச் சற்றுப் பொறுத்துக்கொண்டு, இந்த நாவலைப் படித்துப் பார்க்கவேண்டும். வெளியூரில் பிள்ளைகள் இருக்கிற தாய்மார்களும் படிக்கலாம். ஈனிடைப் பார்த்து முதலில் சிரிப்பார்கள், பிறகு சிரிக்கமாட்டார்கள்.