அரைப்பேரும் செய்தியும்

தோட்டத்து இளைஞருக்கு ஒலிபரப்புப் பயிற்சி அளிப்பது வரவேற்கத்தக்கதே. ஆனால், அவர்களுக்கு எதைக் கற்பிக்கிறோம்?

றொசல்லயில் என்னிடம் பயிலும் மாணவி ஒருத்தி, தன் தாயின் ஒருநாள் வேலையைச் செய்தியாக எழுதிப் பயிலரங்கு ஒன்றுக்குச் சென்றாள். “‘அரைப்பேர்’ கொச்சையாம், சேர். ‘குறைந்த ஊதியம்’ என்று மாற்றச் சொன்னார்கள்” என்றாள் திரும்பி வந்து. கொழுந்தின் நிறை குறைந்தால் முழுநாள் உழைப்பும் அரைநாளாகவே எண்ணப்படும். அந்த அநீதியின் பெயர்தான் அரைப்பேர். சொல் மாறியதும் குற்றம் மறைந்தது. இரக்கம் மட்டுமே எஞ்சியது.

வேறு வழி இந்நாட்டிலேயே காணப்பட்டதுண்டு. 1981இல் தொடங்கிய மகாவலி சமுதாய வானொலியின் தயாரிப்பாளர்கள் குடியேற்றக் கிராமங்களிலேயே தங்கி, உழவரின் பேச்சைப் பதிவு செய்தனர். அம்மரபில் 1989இல் எழுந்ததே கொத்மலை வானொலி. கேட்டலே அம்மரபின் முதற்பாடம்.

திருத்தமான உச்சரிப்பும் வேண்டும், மறுப்பாரில்லை. கருவியை இயக்கச் சில வாரங்கள் போதும். தாயின் சொல்லைச் சபையில் கூசாது உரைக்கும் துணிவையும் அல்லவா பயிற்சி தர வேண்டும்? நேயருக்கு விளங்காதெனில் ஒரு வாக்கியத்தில் விளக்கட்டும். சொல்லை விலக்க வேண்டா.