பெயரை நம்பி மோசம் போகும் நிரல்கள்

நெரிசலான பேருந்து ஒன்று நிலையத்துக்குள் வந்து நிற்கிறது. சன்னலோர இருக்கை ஒன்று காலியாக இருப்பதை வெளியிலிருந்தே பார்த்துவிடுகிறீர்கள். சுற்றிச் சென்று படியேறி உள்ளே போவதற்குள் அங்கே வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் பார்த்தபோது இடம் காலியாக இருந்தது உண்மைதான். ஆனால் உட்காரப் போகும் நேரத்தில் அந்த உண்மை பழையதாகிவிட்டது. விவரம் தெரிந்தவர்கள் சன்னல் வழியே துண்டைப் போட்டு விடுவார்கள். பார்ப்பதும் பிடிப்பதும் ஒரே செயலாகிவிடுவதால் இடையில் புக யாருக்கும் வழியில்லை.

கணிப்பொறியிலும் இதே கதைதான். சோதிப்பதற்கும் செய்வதற்கும் இடையே உள்ள இடைவெளியால் விளையும் பிழைக்குப் ‘பந்தய நிலை’ என்று பெயர். கோப்புகளை உருவாக்கவும் நகலெடுக்கவும் அழிக்கவும் நாம் தட்டச்சு செய்யும் சின்னஞ்சிறு கட்டளைகளில் இப்பிழை பல பத்தாண்டுகளாக மறைவதும் மறுபடி தலைகாட்டுவதுமாக இருந்து வருகிறது. ‘நிரல் எழுதியவரின் கவனக்குறைவு’ என்று சொல்லி இதை ஒதுக்கிவிடுவது வழக்கம். அந்தத் தீர்ப்பு சரியன்று என்பதே என் வாதம். குற்றத்தின் பெரும்பங்கு யூனிக்ஸ் அமைப்பின் வடிவமைப்பையே சாரும்.

பெயர் வேறு, பொருள் வேறு

யூனிக்ஸ் 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோரால் தொடங்கப்பட்டது. அதன் பெருமையைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஒவ்வொரு கட்டளையும் ஒரு வேலையை மட்டும் செய்யும். கோப்பின் பெயரைக் கொடுத்தால் போதும். இந்த எளிமைதான் யூனிக்ஸையும் அதன் வழிவந்த லினக்ஸையும் உலகெங்கும் பரப்பியது.

ஆனால் கோப்பின் பெயர் என்பது கோப்பு ஆகாது. அது வீட்டுக் கதவில் அடித்த எண் பலகை போன்றது. பலகையைக் கழற்றி அடுத்த வீட்டில் மாட்டிவிடலாம். ஒரு நிரல் ஒரே பெயரை இரண்டு முறை சொன்னால், அமைப்பு இரண்டு முறையும் புதிதாகத் தேடுகிறது. இரண்டு முறையும் அதே கோப்புதான் கிடைக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஏனெனில் அதே கணிப்பொறியில் வேறு பலருடைய நிரல்களும் அதே வேளையில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில், புதிய கோப்புறையை உருவாக்கும் ‘எம்கேடிர்’ கட்டளையை எடுத்துக்கொள்வோம். கோப்புறை உருவாக்கும் அதிகாரம் அப்போது ‘ரூட்’ எனப்படும் தலைமைப் பயனருக்கு மட்டுமே உண்டு. ஆகவே, யார் இயக்கினாலும் அக்கட்டளை ரூட்டின் அதிகாரத்துடனேயே ஓடும். அது முதலில் கோப்புறையை உருவாக்கும். அடுத்து, ‘இந்தப் பெயருள்ளதை இன்னாருக்கு உரிமையாக்கு’ என்று உத்தரவிடும். இவ்விரு படிகளுக்கும் நடுவே, பயனர் அந்தக் கோப்புறையை நீக்கிவிட்டு, அதே பெயரில் கடவுச்சொல் கோப்புக்கு ஓர் இணைப்பை வைத்துவிட்டால் என்னவாகும்? உத்தரவு தவறாமல் நிறைவேறும். கடவுச்சொல் கோப்பு அவருக்குச் சொந்தமாகிவிடும்!

1983இல் பெர்க்லி பல்கலைக்கழகம் வெளியிட்ட 4.2 பிஎஸ்டி பதிப்பில் இரு படிகளும் ஒரே அழைப்பாக்கப்பட்டன. துண்டு போட்டு இடம் பிடிக்கும் முறை வந்தது. ஒரு கட்டளை பிழைத்தது; ஆனால் பெயரை நம்பும் பழக்கம் அப்படியே நின்றுவிட்டது.

கையேடே தடுக்கும் கருவி

இந்தப் பழக்கத்துக்குச் சரியான எடுத்துக்காட்டு ‘ஆக்சஸ்’ என்னும் அமைப்பு அழைப்பு. ரூட் அதிகாரத்தில் ஓடும் நிரல், தன்னை இயக்கியவருக்கு ஒரு கோப்பைத் தொட உரிமை உண்டா என்று கேட்டறிவதற்காகவே அது படைக்கப்பட்டது. ‘உண்டு’ என்று விடை வந்தபின் நிரல் அதே பெயரைச் சொல்லிக் கோப்பைத் திறக்கும். அதற்குள் பெயர் வேறொரு கோப்பைக் காட்டத் தொடங்கியிருக்கலாம். இன்று அந்த அழைப்பின் கையேட்டைப் புரட்டினால், இவ்வாறு பயன்படுத்துவது பாதுகாப்பு ஓட்டை என்ற எச்சரிக்கையைக் காணலாம். எந்த வேலைக்காக ஒரு கருவி செய்யப்பட்டதோ, அந்த வேலைக்கே அதைப் பயன்படுத்தாதே என்று கையேடு சொல்லுமானால், குற்றம் பயன்படுத்தியவனுடையதா, கருவியுடையதா? நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

‘அந்த இடைவெளி நொடியில் மிகச் சிறு பின்னந்தானே, அதற்குள் யார் புக முடியும்?’ என்று கேட்கத் தோன்றும். 2004இல் ட்ரூ டீன், ஆலன் ஹூ என்ற இருவர் இந்த எண்ணத்தின் மீது ஒரு காவலைக் கட்டினார்கள். ஒரு முறைக்குப் பல முறை சோதித்தால், திருடன் ஒவ்வொரு பந்தயத்திலும் வென்றாக வேண்டும்; அதற்கான வாய்ப்பு மிக மிகக் குறைவு என்பது அவர்கள் கணக்கு. கணக்கில் பிழையில்லை. ஆனால் அடுத்த ஆண்டே, பெர்க்லியைச் சேர்ந்த நிகிதா போரிசோவும் அவருடைய தோழர்களும் அக்காவலைத் தகர்த்துக் காட்டினார்கள். ஒன்றுக்குள் ஒன்றாகக் கோப்புறைகளைப் புதைத்து அவர்கள் ஒரு புதிர்வழியை அமைத்தார்கள். பெயரைத் தேடிச் செல்லும் அமைப்பு அதனுள் நெடுநேரம் அலைந்தது. சிறு இடைவெளி பெரிதாயிற்று. ஒவ்வொரு பந்தயத்திலும் வெல்லப் போதிய நேரம் கிடைத்தது. இடைவெளியின் அளவு எதிராளியின் கையில் இருக்கும்போது, ‘வாய்ப்புக் குறைவு’ என்பது காவலாகாது.

இருபது ஆண்டுகள், ஒரே தவறு

அழிக்கும் கட்டளையான ‘ஆர்.எம்.’ கதை இன்னும் அச்சந்தருவது. கோப்புறையை உள்ளடக்கத்தோடு அழிக்கும்போது, அது உள்ளே இறங்கி, அங்கிருப்பதை அழித்து, ‘ஒரு படி மேலே போ’ என்று சொல்லித் திரும்பி வரும். 2002இல் வெளியான ஓர் எச்சரிக்கை, ஜிஎன்யூ கட்டளைத் தொகுப்பின் 4.1 பதிப்பு வரை இதில் இருந்த ஓட்டையைச் சொல்லியது. கட்டளை ஆழத்தில் இருக்கும் வேளையில், அது நிற்கும் கோப்புறையையே ஒருவர் பெயர்த்து மேல்நிலையில் வைத்துவிட்டால், ‘ஒரு படி மேலே’ என்பது எதிர்பாராத இடத்துக்குக் கொண்டுபோய்விடும். அப்படியே ஏறி வேர்க் கோப்புறையை அடைந்து, அங்கிருந்து அழிக்கத் தொடங்கவும் கூடும். ரூட் பயனர் பொதுக் கோப்புறையின் குப்பையைக் கூட்டும்போது இது நடந்தால், கணிப்பொறியின் கோப்புகள் முழுவதும் போய்விடலாம்.

இருபது ஆண்டுகள் கழித்து, 2022 சனவரியில் ரஸ்ட் மொழியின் நூலகத்தில் இதன் உடன்பிறப்பு தென்பட்டது. நினைவகப் பிழைகளைத் தடுப்பதில் பெயர் பெற்ற மொழி அது. கோப்புறையை அழிக்கும் அதன் செயற்கூறு, ‘இது உண்மையான கோப்புறையா, வேறிடத்தைக் காட்டும் கைகாட்டியா?’ என்று முதலில் சோதித்தது; பிறகு பெயரைச் சொல்லி உள்ளே இறங்கியது. இரண்டுக்கும் நடுவே கைகாட்டி முளைத்தால், வேறெங்கோ உள்ள கோப்புகள் அழிந்தன. 2015இல் வந்த 1.0 பதிப்பு முதல் 1.58.0 வரை இக்குறை இருந்து, 1.58.1இல் நீக்கப்பட்டது. திறமைசாலிகள் எழுதிப் பலர் படித்துப் பார்த்த நிரல் அது. நல்ல தச்சர்கள் எல்லோருமே ஒரே உளியில் கையை வெட்டிக்கொள்கிறார்கள் என்றால், உளியின் பிடியைச் சோதிப்பதுதான் அறிவுடைமை.

மருந்தும் அதன் எல்லையும்

மருந்து இல்லாமல் இல்லை. கோப்புறையை ஒரு முறை திறந்து, அமைப்பு தரும் ‘கைப்பிடி’யைப் பற்றிக்கொண்டு, மேற்கொண்டு எல்லாவற்றையும் அதன் வழியே செய்யலாம். வெளியே பெயர்ப் பலகையை யார் மாற்றினாலும் கைப்பிடி பிடித்த பொருளை விடாது. ‘ஓப்பன்அட்’ முதலிய இவ்வகை அழைப்புகள் 2006இல் லினக்ஸுக்கு வந்தன; 2008ஆம் ஆண்டின் போசிக்ஸ் தரத்திலும் இடம்பெற்றன. பலர் எழுதக்கூடிய பொதுக் கோப்புறைகளில் பிறர் வைத்த கைகாட்டிகளைப் பின்தொடராமல் தடுக்கும் வசதியும் 2012இல் லினக்ஸ் 3.6இல் சேர்ந்தது.

இவற்றைப் பாராட்ட வேண்டும். ஆயினும் நிறைவான மருந்து என்று சொல்ல முடியாது. கைப்பிடி வழியே அழிக்கும்போதுகூடக் கடைசிப் படியில் பெயரைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. கேடு ஒரு கோப்புறைக்குள் அடங்குகிறதே தவிர, அடியோடு ஒழியவில்லை. அதைவிடப் பெரிய குறை, பழைய வழி எளிதாகவும் புதிய வழி கடினமாகவும் இருப்பதுதான். தவறான வழி ஒரு வரியில் முடிந்து, சரியான வழிக்குப் பத்து வரி வேண்டுமென்றால், மனிதர் எதைத் தேர்வர் என்று சொல்லவும் வேண்டுமோ?

மாணவ நண்பர்களே, ‘கோப்பு இருக்கிறதா என்று முதலில் பார்; இருந்தால் திற’ என்று உங்களுக்குக் கற்பித்திருப்பார்கள். அந்தப் பாடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். நேரே திறந்து பாருங்கள். முடியாவிட்டால் அமைப்பு மறுப்புச் சொல்லும். அந்த மறுப்பே உங்கள் கேள்விக்கு விடை. புதிய கோப்பு வேண்டுமானால், ‘முன்பே இருந்தால் மறுத்துவிடு’ என்ற நிபந்தனையையும் உருவாக்கும் ஆணையையும் ஒரே அழைப்பில் கொடுங்கள். திறந்தபின் ஏதேனும் சோதிக்க வேண்டுமானால் பெயரைச் சோதிக்காமல், கையில் உள்ள கைப்பிடியைச் சோதியுங்கள்.

நாளை உங்களில் சிலர் புதிய அமைப்புகளையே வடிவமைக்கப் போகிறீர்கள். அப்போது, சரியான வழியே எளிய வழியாகவும் இருக்கும்படி அமையுங்கள். எந்நேரமும் விழிப்பாக இருக்கும்படி மனிதரைக் கேட்கும் கருவி என்றேனும் ஒரு நாள் அவரைக் கைவிட்டே தீரும்.