கட்டுண்ட இறைமை

கடவுள் அனைத்தையும் ஆள்பவர் என்பது கிறித்தவ நம்பிக்கையின் அடிப்படை. அவ்வாட்சிக்கு மேற்பட்ட ஆற்றலோ, அதனைத் தடுக்கவல்ல பகையோ இல்லை என்பது அதன் கருத்து. இதனை உரைநடையில் வரையறுத்தல் எளிது. காப்பியத்திற் காட்டுதல் அரிது. எல்லாம் வல்லவன் துன்புறுங்கால், அத்துன்பம் மெய்யாயின் வல்லமை பொய்யாகும்; வல்லமை மெய்யாயின் துன்பம் நடிப்பாகும். இவ்விடரை எச். ஏ. கிருட்டிணப் பிள்ளை (1827–1900) எங்ஙனம் கடந்தார் என்பதை இரட்சணிய யாத்திரிகத்தின் ஒரு பகுதிகொண்டு ஈண்டு ஆராய்வாம்.

1894-இல் நூலாக வெளிவந்த இக்காப்பியத்திற்கு முதல்நூல், சான் பனியன் 1678-இல் வெளியிட்ட ஆங்கில உரைநடை உருவகம். அதன்கண் இறைமை ஒரு வழக்காக எழுகின்றது. பயணியை மறிக்கும் அப்பொல்லியோன், அவன் தன் நாட்டிற் பிறந்தமையால் தன் குடியே என உரிமை கொண்டாடுகின்றான். பயணியோ, தான் வேறோர் அரசர்க்கு ஆட்பட்டதைக் கூறி மறுக்கின்றான். அரசின் தடையை மீறிச் சமயவுரை ஆற்றி, 1660 முதல் 1672 வரை சிறையிருந்த பனியனுக்கு, தாம் யாருடைய குடி என்பது வெறும் ஏட்டு வினா அன்று.

பிள்ளையவர்கள் இவ்வளவில் அமையவில்லை. முதல்நூலிற் கதையாக விரிக்கப்படாத இயேசுவின் பாடுகளைக் குமார பருவத்தில் இரட்சணிய சரிதப் படலமாக விரித்தார். ஆண்டுப் பகைவர் இயேசுவைக் கயிற்றாற் பிணிக்கின்றனர். அதனைக் கயிற்றின் பிணிப்பு என எண்ணற்க என்கின்றார் கவிஞர். தம்மைப் பகைத்த இழிந்த மக்களையே நினைந்து உருகும் அன்புதான் அவரைப் பிணித்தது. அவ்வன்பின் தளையை நீக்க அவரால் இயலவில்லை என்பது பாட்டின் பொருள்.

எல்லாம் வல்லவர்க்கு இயலாதது ஒன்று உண்டெனின் இறைமைக்கு இழுக்கன்றோ எனச் சிலர் வினவலாம். அன்று என்பதே எம் துணிபு. பிறரால் நேரும் இயலாமை குறை. தன் இயல்பைத் தான் மறுக்கவியலாமை நிறை. கயிறு பகைவருடையது, தளை அவருடையது. ஆதலின் துன்பமும் மெய்யாகின்றது, வல்லமையும் குன்றவில்லை. முன்னர்க் கூறிய இடர் இவ்வொரு பாட்டில் தீர்கின்றது.

இனி, அக்கொடுமையைக் கண்டோர், நிலம் பிளந்திலது, வானம் இடிந்து வீழ்ந்திலது, கடல் வற்றிலது, உலகம் இன்னும் அழியாது தாழ்ப்பது ஏன் எனப் புலம்புகின்றனர். தனித்து நோக்கின் இஃது உயர்வு நவிற்சியே. காப்பிய வழக்கில் நாம் பன்முறை கண்டதே. ஆயின் தளையைக் கூறும் பாட்டோடு சேர்த்து நோக்குங்கால் இதன் ஆழம் புலப்படும். உலகைக் காத்தற்கென்றே கட்டுண்டவர் நிற்க, அவர்பொருட்டு உலகம் அழிவது எங்ஙனம்? கண்டோர் ஆட்சியின் இன்மை எனக் கருதிய அமைதியே ஆட்சியின் செயல் ஆகின்றது. அவர்தம் வினாவிற்கு விடை அவர்க்குத் தெரியாது, கற்போர்க்குத் தெரியும்.

கட்டுண்ட கடவுள் என்னும் கருத்து தமிழ்ச் செவிக்குப் புதிதன்று. கண்ணன் ஆய்ச்சியின் சிறு கயிற்றிற்குக் கட்டுண்டதை ஆழ்வார்கள் போற்றினர். மதுரகவியின் கண்ணிநுண்சிறுத்தாம்பு அதனிலேயே தொடங்குகின்றது. வைணவக் குடியிற் பிறந்து, 1858-இல் திருமுழுக்குப் பெற்ற பிள்ளையவர்கள் அம்மரபை அறியாதவர் அல்லர். எனினும் இக்கருத்தை அங்கிருந்தே கொண்டார் எனத் துணியமாட்டோம், வேற்றுமையே நோக்கத்தக்கது. ஆண்டுக் கட்டிய கை அன்புடைய தாயின் கை; ஈண்டுக் கட்டிய கை பகைவர் கை. ஆண்டு அடியார் அன்பிற்கு இறைவன் எளியனாகின்றான்; ஈண்டு அன்பே இல்லாதார்பால் தான் கொண்ட அன்பிற்கு எளியனாகின்றான். கிறித்தவ இறைமைக் கொள்கையின் உயிர்நிலை இதுவே.

பிள்ளையவர்களைக் கிறித்தவக் கம்பர் எனப் புகழ்வோர் பெரும்பாலும் சந்தத்தையும் அணியையும் எடுத்துக்காட்டுவர். அவை மரபு தந்த செல்வம். ஒரு கயிற்றைக் காட்டி, அதன் மறுமுனை யார் கையில் உளது என வினவச் செய்த இடமே அவர் தாமே ஈட்டியது. இரட்சணிய யாத்திரிகத்தை மொழிபெயர்ப்பு என்றளவில் மதிப்பிடுவோர் இவ்விடத்தை மீண்டும் ஒருமுறை கற்றல் வேண்டும்.